கார் கண்டு தளிர்க்கும் நிலைத்திணை



அறிவியலை உணர்த்தத் தமிழிற் சொல்லில்லை என்பார்க்கு, நம் காடே விடை கூறும்.

மழைக்காலத்தில் நீர்வளச் செடிபோற் செழித்தும், வேனிலில் வறள்நிலச் செடிபோல் ஒடுங்கியும் வாழும் நிலைத்திணை உண்டு. செருமானிய அறிஞர் சிம்பர் 1898-இல் வெளியிட்ட நூலில் அதனைத் தனிவகையாக விளக்கினார். திரும்புதல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயருமிட்டார். நாம் அதனை 'மாறுபருவ நிலைத்திணை' எனலாம்.

தேக்கைப் பாருங்கள். முதுமலையிலும் ஆனைமலையிலும் மழைக்காலத்தில் முறம்போன்ற இலை விரிக்கும் அம்மரம், வேனிலில் மொட்டையாய் நிற்கும். அது சாவன்று, செட்டு! இலைவழியே நீர் ஆவியாய்ப் போகும். ஆதலின், இலையிலுள்ள ஊட்டத்தில் ஒரு பகுதியை மரம் முன்னரே உள்வாங்கிக்கொள்கின்றது. காம்படியில் ஒரு பிரிவடுக்கை உண்டாக்கி இலையை உதிர்க்கின்றது. உதிர்ந்த வடுவைத் தக்கையால் அடைக்கின்றது. ஆங்கிலர் 'டீக்கு' என்பதும், மலையாளக் கரையிலிருந்து போர்த்துகீசியர் வாய்வழிச் சென்ற நம் தேக்கே!

செங்காந்தள் கண்ட வழி வேறு. வறட்சி வருமுன் தண்டும் இலையும் பட்டுப்போகும். கிழங்கு மண்ணுள் உறங்கும். புதுமழை பெய்ததும் முளைத்தெழுந்து, இலைநுனியையே பற்றுக்கம்பியாக்கிப் படர்ந்து, தீக்கொழுந்தெனப் பூக்கும். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் தொடுத்த பூவரிசையில் முதற்கண் நிற்பது அதுவே. கிழங்கின் வடிவு கண்டு கலப்பைக்கிழங்கு என்றனர். பூக்கும் திங்கள் கண்டு கார்த்திகைப்பூ என்றனர் ஈழத்தார். எழுத்தறியா உழவன் இட்ட பெயரே ஒரு நிலைத்திணையியற் பாடமன்றோ? தளிர், இலை, பழுப்பு, சருகு என்று, பிறந்தது முதல் உதிர்வது வரை இலையின் ஒவ்வொரு நிலைக்கும் தனிச்சொல் வைத்த இனம் நம்மினம்!

ஆயின், இன்றைய நிலை யாது? ஆங்கிலவழி பயிலும் நம் பிள்ளை 'டெசிடுவசு' என்று உருப்போடுகின்றான். ஊரெல்லையில் இலையுதிர்த்து நிற்கும் மரத்தின் பெயரறியான். அப்பெயர்களை அறிந்தோர் ஆடுமேய்க்கும் முதியோரும் மலைவாழ் மக்களுமே. அவர்கள் மறைந்தால் பெயரும் மறையும்; பெயரோடு அறிவும் மறையும்.

ஆசிரியத் தோழர்களே! மாணாக்கரைக் காட்டோரம் அழைத்துச் செல்லுங்கள். எம்மரம் எத்திங்களில் உதிர்க்கின்றது, எத்திங்களில் தளிர்க்கின்றது என்று ஊர்வழக்குப் பெயரோடு எழுதச் செய்யுங்கள். ஓராண்டு எழுதினால், ஊர்தோறும் ஒரு தமிழ் நிலைத்திணை நூல் உருவாகும்.

மேலே பட்டுப்போனதாலே காந்தள் அழிவதில்லை. கிழங்கையே அகழ்ந்தெறிந்தால் எந்த மழையும் அதனை மீட்காது. நம் மொழிக்குக் கிழங்கு, மக்கள் வழங்கும் சொல். அதனைக் காப்போம்!

வெல்க தமிழ்!