மொட்டை மாடியில் மிளகாய்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வீட்டில் மிளகாய் வளர்ப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எப்படி வளர்க்கிறதுன்னு சொல்றேன். அதோட, "மாடித் தோட்டம் போட குழுக்கடன் எடுக்கலாமா?" என்று சில குழுக்களில் கேள்வி வந்திருக்கு. அதுக்கும் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிடறேன்.

மிளகாய் நம்ம ஊர்ச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. அதே போர்ச்சுகீசியர்தான் 1520களில் நம்ம சாந்தோம் கரையில் குடியேறினார்கள். அதுக்கு முன்னாடி நமக்குக் காரம்னா மிளகுதான். மிளகு போல் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பேர் வைத்தார்கள். மாட வீதி வீடுகளில் திவசச் சமையலுக்கு இன்றைக்கும் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். வந்த செடி நம்ம மண்ணில் எப்படி வேர் விட்டதென்றால், ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது.

இனி வளர்க்கிற முறை. ஒரு அடி ஆழமுள்ள பையோ, பழைய பக்கெட்டோ போதும். அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கின உரம் ஒரு பங்கு. வெறும் மண்ணாகப் போட்டால் நனைந்ததும் கனம் ஏறும், தளத்துக்கும் ஆகாது. பையைச் செங்கல் மேல் வையுங்கள். தண்ணீர் வடியும், தளம் ஊறாது, வீட்டுக்காரர் வாயும் அடையும். வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள் மாடிப்படியையும் நடைபாதையையும் அடைத்து வைக்காதீர்கள். அவசரத்துக்கு ஓடுகிற வழி அது.

விதையை ஒரு ராத்திரி ஊறவைத்துச் சின்னத் தட்டில் விதைத்தால், முப்பத்தைந்து, நாற்பது நாளில் நாற்று பிடுங்கி நடலாம். ஒரு பைக்கு ஒரு செடி. சமையலறை வற்றலிலிருந்து எடுத்த விதையும் முளைக்கும். ஆனால் அது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி காய்க்காது. நாட்டு ரகமாகப் பார்த்து எடுங்கள். ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் அழுகாமல் பார்த்துக்கணும். தையில் விதைத்தால் அக்கினி நட்சத்திரத்தில் பூ கொட்டும். அப்போ ஒரு பழைய வெள்ளைப் புடவையை நிழலுக்குக் கட்டுங்கள்.

எல்லோரும் கேட்கிற கேள்வி, "இலை சுருட்டிக்குதே, என்ன பண்றது?" இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். இரண்டுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி தெளிக்கணும். வாரம் ஒருதரம் விடாமல் தெளிக்கணும். இலை சிறுத்து, மஞ்சள் பாய்ந்து, செடியே குட்டையாக நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பின நச்சுயிரி நோய். மருந்து கிடையாது. பாவம் பார்க்காமல் பிடுங்கிப் போடுங்கள். இல்லைன்னா பக்கத்துச் செடிக்கும் போகும்.

தண்ணீர் விஷயம் முக்கியம். கடற்கரை ஓரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. மிளகாய்க்கு உப்பு ஆகாது, இலை ஓரம் கருகும். சுத்திகரிப்பு மெஷினிலிருந்து வெளியே வருகிற கழிவு நீரிலும் உப்பு அதிகம், அதை மட்டுமே ஊற்றக் கூடாது. அரிசி, காய்கறி கழுவின தண்ணீரே போதும். 2019 கோடையில் ஏரியெல்லாம் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறக்கலை. அப்போ குடம் தூக்கி வரிசையில் நின்றது பெண்கள்தான். குடத்துத் தண்ணீரைக் கேட்கிற தோட்டம் நமக்கு வேண்டாம். கழுவின தண்ணீரில் எத்தனை செடி பிழைக்குமோ அத்தனை வைத்தால் போதும்.

இப்போ கடன் கேள்வி. தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் காய் வாங்கினால் கறிவேப்பிலையோடு ரெண்டு பச்சை மிளகாயும் கொசுறாகப் போடுகிறார்கள். கொசுறாகக் கிடைக்கிற சாமானைப் பத்துப் பையில் விளைத்து விற்று, மாதத் தவணை கட்ட முடியாது. அதனால் மிளகாய் வளர்க்கக் கடன் எடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. நாலு பேர் குடும்பத்துக்கு ஐந்து செடி போதும். மருந்தடிக்காத காய் வீட்டுக்கு வரும், அதுவே லாபம். பை, விதை, நார்க்கழிவு வாங்குவதற்கு முன் தோட்டக்கலைத் துறையில் மானியம் கேளுங்கள். 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்குச் சாமான்களை மானியத்தில் கொடுக்க ஆரம்பித்ததே அந்தத் துறைதான்.

அப்போ வருமானமே இல்லையா? இருக்கு, ஆனால் காயில் இல்லை. ஒன்று, நாற்று. ஒரு தட்டு விதையில் வருகிற நாற்றுகளைச் சின்னக் கப்பில் வைத்து விற்கலாம். இன்னொன்று, மோர் மிளகாய். காயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், ராத்திரி திரும்ப மோர் என்று மோர் வற்றும் வரை செய்து, கலகலன்னு சத்தம் வரும் வரை காய வைக்கணும். இதற்குத் தேவையான காயை மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கிக்கலாம். பங்குனி, சித்திரை வெயில் நமக்கு இலவசம். விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். கடன் எடுப்பதானால் இதுக்கு எடுங்கள், அதுவும் வாங்குகிறவர்கள் யார் என்று தெரிந்த பிறகு. செலவு, வரவு, யார் எத்தனை நாள் உழைத்தார்கள் எல்லாம் நோட்டில் எழுதணும். மோரும் உப்பும் கணக்கில் வருது, நம்ம கை உழைப்பு மட்டும் விட்டுப் போகுது. அதையும் எழுதினால்தான் லாபமா நஷ்டமான்னு தெரியும்.

ஒவ்வொரு குழுவும் வருகிற தையில் ஒரு தட்டு விதை போடுங்கள். நாற்றை உறுப்பினர்களுக்குள் பங்கிடுங்கள். மொட்டை மாடி இல்லாதவர்களுக்கு, வெயில் விழுகிற ஜன்னல் ஓரத்தில் ஒரு பக்கெட் போதும். வீட்டுக்காரர் மறுத்தால் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், குழுவாகப் போய்ப் பேசுங்கள். சித்திரைக் கூட்டத்தில் எத்தனை செடி பிழைத்தது என்று கணக்கோடு சந்திப்போம்.