மணலூர்பேட்டைன்னு தேடினா மணல் வருது

இன்னைக்கு எபிசோடு என் சொந்த சொதப்பல்ல இருந்து ஆரம்பிக்குது.

2024 டிசம்பர், ஃபெஞ்சல் புயல் மழை. 2-ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையில இருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணி திறந்தாங்க. அணைக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையில இருக்கு மணலூர்பேட்டை. தை 5 ஆத்துத் திருவிழாவுக்கு திருவண்ணாமலையில இருந்து அண்ணாமலையாரே வந்து தீர்த்தவாரி ஆடுற ஊர். அங்கதான் எங்க பெரியம்மா இருக்காங்க. போன் போகல.

நான் சென்னையில. கைல இருந்தது லேப்டாப் மட்டும்தான். ஏற்கெனவே தமிழ்ச் செய்திகளைச் சேர்த்து வைக்கிற ஒரு சின்ன தேடல் கருவி எழுதி வெச்சிருந்தேன். அதுல ஊர் பேரைப் போட்டேன். மேல வந்ததெல்லாம் மணல் கடத்தல் செய்தி, நடுவுல சென்னை மணலி. வெள்ள எச்சரிக்கை எங்கேயோ அடியில புதைஞ்சு கிடந்தது.

ஏன் இப்படி? தேடலுக்கு முதல் வேலை, வரியை வார்த்தையா வெட்டுறது. நான் பயன்படுத்தினது பைத்தான்ல சைக்கிட்-லேர்ன் தர்ற வழக்கமான வெட்டு. பைத்தானோட ரெகெக்ஸ் 'ம', 'ண', 'ல' மாதிரியானதை எழுத்துன்னு ஏத்துக்கும். கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோடுல 'குறி' வகை. அதனால அங்கெல்லாம் கத்தி விழும். மணலூர்பேட்டை 'மணல', 'ர', 'ப', 'ட', 'ட'ன்னு அஞ்சு துண்டாகும். ஒத்தை எழுத்துத் துண்டைத் தூக்கிப் போடுறதும் அதோட வழக்கம். மிச்சம் 'மணல'. மணலுக்கும் அதே 'மணல'தான், மணலிக்கும் அதேதான். நம்ம ஊரோட பேட்டையே காணாமப் போச்சு!

இங்கிலீஷ்ல எழுதிப் பார்த்திருந்தா இந்தத் தப்பு வெளியவே வந்திருக்காது. எரரும் வராது. அதுதான் எரிச்சல்.

குறிகளையும் சேர்த்துப் பிடிக்கிற, யூனிகோடு விதிப்படி வெட்டுற ஐசியூ மாதிரி லைப்ரரிக்கு மாறினா இது சரியாகிடும். ஆனா அதோட முடியல. தாய் மொழியில (தாய்லாந்துக்காரங்க மொழியைச் சொல்றேன்) வார்த்தைக்கு நடுவுல இடைவெளியே கிடையாது, அகராதி வெச்சுத்தான் வெட்டணும். நமக்கு இடைவெளி இருக்கு, ஆனா வேற்றுமை உருபு வாலா ஒட்டிக்கும்: மணலூர்பேட்டையில், மணலூர்பேட்டைக்கு. சிலர் நடுவுல 'ப்' போட்டு மணலூர்ப்பேட்டைன்னு எழுதுவாங்க. இங்கிலீஷ் எழுத்துல பஸ்ன்னு எழுதி தமிழ்ல 'க்கு' ஒட்டுறோம் பாருங்க, அது யூனிகோடு விதிப்படி ஒரே வார்த்தை. லூசீனோட ஐசியூ வெட்டி அதை எழுத்துமுறை மாறுற இடத்துல ரெண்டாக்கிடும்.

வாலை வெட்ட ஸ்னோபால்ல தமிழுக்கு ஸ்டெம்மர் இருக்கு. ஆனா ஊர் பேர்ல அதை விட எனக்கு மனசு வரல. நான் செஞ்சது, மும்மூணு எழுத்தா அடுக்குறது. கம்ப்யூட்டர் கணக்குல மணலூர்பேட்டை 12 குறியீடு. நம்ம கணக்குல 7 எழுத்து. அந்த 7-ஐ வெச்சு 'மணலூ', 'ணலூர்', 'லூர்பே', 'ர்பேட்', 'பேட்டை'. வால் என்ன ஒட்டினாலும் அஞ்சும் பொருந்தும். 'ப்' வந்தாலும் மூணு பொருந்தும். மணலுக்கும் மணலிக்கும் ஒண்ணுகூட இல்ல. இண்டெக்ஸ் வீங்கும்தான், வீங்கட்டும்.

இதெல்லாம் சரி பண்ணினது அடுத்த வாரம். அன்னைக்கு என் கருவிக்கு முன்னாடி பெரியம்மாவே கூப்பிட்டாங்க, பக்கத்து வீட்டு மாடியில இருந்து. "சாப்பிட்டியாடா?"ன்னு கேட்டாங்க.