கருவியும் அதன் கையேடும்

இவ்வவையில் கூடியிருக்கும் மென்பொருள் பொறியாளர்களுக்குக் கையேடு எழுதுவது சற்றே கசப்பான பணி என்பது ஊரறிந்த செய்தி. நிரலை எழுதி, அது ஓடுவதைக் கண்டபின், எஞ்சிய நேரத்தில் எழுதப்படுவதே கையேடு என்னும் வழக்கம் வேரூன்றிவிட்டது. தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 1971 நவம்பர் 3ஆம் நாளிட்ட யூனிக்ஸ் முதல் நிரலர் கையேட்டில், ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் எனத் தனித்தனித் தலைப்புகள் அமைந்தன. குறைகள் என்றே ஒரு தலைப்பும் அவற்றுள் இருந்தது. தாம் ஆக்கிய பொருளின் பழுதைத் தாமே எழுதிவைத்த கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் நேர்மை இன்றைய விளம்பர ஏடுகளில் காணக் கிடைப்பதில்லை.

அக்கையேட்டைப் படித்தவர் மனிதர். இன்று படிப்போரின் வரிசையில் செயற்கை நுண்ணறிவு முகவரும் சேர்ந்துவிட்டது. ஒரு பணியை ஒப்படைத்தால், தன்முன் உள்ள கருவிகளுள் ஏற்றதைத் தானே தேர்ந்து, வேண்டிய விவரங்களை நிரப்பி, இயக்கி, விடையைக் கொண்டு அடுத்த அடி வைப்பது முகவரின் இயல்பு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்னும் பொது நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும் விளக்கத்தையும் தனக்கு வேண்டிய உள்ளீடுகளின் வடிவத்தையும் முகவருக்கு அறிவிக்கிறது. பெரும்பாலும் முகவர் அறிவது அவ்வளவே. கையேடு தெளிவற்றிருந்தால் புதிதாய்ச் சேர்ந்த ஊழியர் பக்கத்து மேசையில் கேட்பார். முகவருக்குப் பக்கத்து மேசை இல்லை. ஐயம் எழுந்தால் அது நின்று வினவுவதும் உண்டு. ஆயின் ஊகித்துக்கொண்டு மேலே செல்வதே அடிக்கடி நிகழ்கிறது. இடர் அங்கேதான் பிறக்கிறது.

பணம் செலுத்தும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உள்ளீட்டின் பெயர் ‘தொகை’ என்று மட்டும் இருக்கிறது. ரூபாயா, பைசாவா? இந்தியாவில் தொகையைப் பைசாவில் கேட்கும் கட்டண வாயில்கள் உண்டு. அதை அறியாத முகவர் 500 என்று நிரப்பினால், பெறுபவர் கையில் சேர்வது 5 ரூபாய். 03/04/2026 என்பது இந்தியருக்கு ஏப்ரல் 3; அமெரிக்கருக்கு மார்ச் 4. இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. கருவியை இயக்கியபின் இணைப்பு அறுந்து, விடை வரவில்லை என்க. மீண்டும் இயக்கலாமா? இரண்டாம் முறை இயக்கினால் பணம் இருமுறை செல்லுமா, அல்லது முதல் ஆணையையே கருவி அடையாளம் கண்டுகொள்ளுமா? இதனைக் கையேடு சொல்லாவிடில், ஒரு சிறு வணிகரின் கணக்கில் ஒரே கடன் இருமுறை கழிக்கப்படலாம். முதியோர் ஓய்வூதியம் ஒருவருக்கு இருமுறையும் மற்றொருவருக்கு ஒருமுறையும் இன்றிப் போகலாம்.

எம்.சி.பி. நெறிமுறையில், ஒரு கருவி படிக்க மட்டுமே செய்வதா, எதையேனும் அழிக்கக் கூடியதா, மீண்டும் இயக்கினால் கூடுதல் விளைவு உண்டா என்பவற்றைக் குறிப்பிட இடம் உண்டு. எனினும் இவை குறிப்புகளே, உறுதிமொழிகள் அல்ல என்று அந்நெறிமுறையே எச்சரிக்கிறது. விளக்கம் என்ற பெயரில் தீய கட்டளையைப் புகுத்துவோரும் உளர். ஆதலின் பணம் செல்லும் இடத்திலும் பதிவு அழியும் இடத்திலும் மனிதரின் ஒப்புதலைக் கேட்டு நிற்பது கருவியிலேயே அமைய வேண்டும்.

கையேட்டை நீட்டிக்கொண்டே போவது தீர்வாகாது. ஒவ்வொரு கருவியின் விளக்கமும் முகவரின் வரம்புடைய நினைவிடத்தில் இடம் பிடிக்கிறது. நூறு கருவிகளின் நீண்ட விளக்கங்கள் செய்யவேண்டிய பணியையே நெருக்கித் தள்ளிவிடும். சில வேளைகளில் கையேட்டைவிடக் கருவியைத் திருத்துவதே எளிது. கோப்பின் இருப்பிடத்தைச் சார்புப் பாதையாகக் குறிக்கையில், வேறு அடைவுக்கு நகர்ந்தபின் முகவர் தடுமாறியதையும், முழுப் பாதையையே கேட்குமாறு கருவியை மாற்றியதும் அத்தவறு நீங்கியதையும் ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் எடுத்துரைத்தது. பிழைச் செய்தியும் கையேட்டின் ஒரு பகுதியே. ‘பிழை 400’ என்பதால் எவருக்கும் பயனில்லை. ‘நாள் 2026-04-03 என்னும் வடிவில் தேவை’ என்றால் முகவர் தானே திருத்திக்கொள்ளும்.

மைய அரசு திறந்த நிரல் இடைமுகக் கொள்கையை 2015இல் வெளியிட்டது. அரசு அமைப்புகளின் தரவு பிற மென்பொருள்களுக்குக் கிடைக்கும் வாயில்கள் அதன்பின் பெருகியுள்ளன. அவற்றில் உள்ளீடு எண்ணா, எழுத்தா என்பது பெரும்பாலும் பதிவாகிறது. ‘நிலை 3’ என்றால் மனு தள்ளுபடியா, மறு ஆய்வா என்பது சில வேளைகளில் ஒரு மூத்த அலுவலரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் ஓய்வுபெறும்முன் அதை எழுதி வாங்குவது அவசரப் பணி.

எழுதியதைச் சோதிக்க வழி எளிது. கருவியை அறியாத ஒருவரிடமும் ஒரு முகவரிடமும் கையேட்டை மட்டும் தந்து, கற்பனைத் தரவில் பத்துப் பணிகளைச் செய்விக்கலாம். இருவரும் இடறும் வரிகளை முதலில் திருத்த வேண்டும். கருவியின் நிரல் மாறும் அன்றே, அதே பதிப்பில், விளக்கமும் மாற வேண்டும். கையேடு இல்லாத கருவியை முகவர் விட்டுவிடலாம். பழைய கையேட்டையோ அது முழுமையாக நம்பிவிடும்.