ஒரே கிணறு, பல குடங்கள்

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, வண்டலூரையும் பெருங்களத்தூரையும் கடந்து தாம்பரத்தில் இறங்கினால், மரங்கள் அடர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைக் காணலாம். 1938 டிசம்பரில் பல தேசத்துக் கிறிஸ்தவப் பிரதிநிதிகள் அங்கே கூடியபோது, அம்மாநாட்டுக்கென்றே ஹாலந்து அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், கிறிஸ்துவில் விளங்கிய தெய்வ வெளிப்பாடு பிற சமயங்களின் தொடர்ச்சியோ பூர்த்தியோ அன்று என வாதித்தது.

செஞ்சையா, சக்கரை முதலிய சென்னைக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் அதே ஆண்டில் தாங்கள் வெளியிட்ட நூலில் இதனின்று மாறுபட்டனர். இந்துக் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞராய் விளங்கிய வெங்கல் சக்கரை, இளமை முதல் தம் செவியில் ஒலித்த ‘அவதாரம்’ என்னும் சொல்லைக் கொண்டே இயேசுவை உணர்ந்தார். ஆயினும் அந்த அவதாரம் ஒரு காலத்தோடு முடிந்துவிடாமல், பரிசுத்த ஆவியின் வாயிலாக இன்றும் தொடர்வது என்று கூறி, அச்சொல்லுக்கே புதுப்பொருள் தந்தார்.

தெய்வ வெளிப்பாட்டை ஒரு கிணறாக எண்ணிப் பார்ப்போம். கிணற்று நீர் ஒன்றே. எனினும், குடமின்றி அதை வீட்டுக்குக் கொண்டுபோவார் யார்? நம் பிறப்பும் மொழியும் அனுபவமுமே அந்தக் குடம். குடம் அவசியந்தான், ஆனால், நம் குடமே கிணறென்று எண்ணாதிருப்பது விவேகம்.