உலா வருவோரும் உடன் செல்வோரும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழில் சிற்றிலக்கியங்கள் 96 வகை என்று கூறுவது மரபு. அவற்றுள் ஒன்று உலா. தலைவன் தேரிலோ யானையிலோ ஏறி வீதியில் பவனி வருவான்; பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவ மகளிரும் அவனைக் கண்டு உள்ளம் நெகிழ்வர். உலா வருபவன் ஒருவன். அவனை நோக்குவோர் பலர். வீதி முழுவதும் அவன்மீது கண்ணாக இருக்கும். அந்நோக்கு வியப்பும் காதலும் கலந்த நோக்கு.

இன்றைய வீதியிலும் எல்லாக் கண்களும் திரும்பி நோக்கும் மாந்தர் உளர். முப்பது வயதைக் கடந்தும் தாயின் கையைப் பற்றிக்கொண்டு நடக்கும் மகன், மகிழ்ச்சி மிகும்போது உரத்த குரலில் ஒலியெழுப்பும் மகள், சக்கர நாற்காலியில் தலை சாய்ந்து அமர்ந்திருக்கும் தம்பி ஆகியோர் அத்தகையோர். அவர்கள்மீது படியும் நோக்கில் இரக்கம் உண்டு. சிலபோது ஏளனமும் உண்டு. அந்நோக்குக்கு அஞ்சியே பல குடும்பங்கள் அவர்களை வெளியே அழைத்துச் செல்வதை முதலில் குறைத்துக்கொள்கின்றன. பின்னர் நிறுத்தியும் விடுகின்றன. துணை தேவைப்படும் வயதுவந்தோர் குழுவாக வெளியே சென்று மகிழ்ந்து திரும்புவதற்கு ஊரார் என்ன செய்யலாம் என்பதே இவ்வுரையின் பொருள்.

குழந்தைப் பருவத்தில் இக்குறை அத்துணை பெரிதாகத் தோன்றுவதில்லை. சிறப்புப் பள்ளி உண்டு. வாசலில் வந்து நிற்கும் பள்ளி வண்டி உண்டு. ஆண்டு விழாவும் சுற்றுலாவும் உண்டு. 18 வயதை ஒட்டிப் பள்ளி முடிகிறது. மறுநாள் முதல் வண்டி வருவதில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்தவர்கள் போக, ஏனையோருக்கு உலகம் ஒரு கூடமும் ஒரு சன்னலுமாகச் சுருங்கிவிடுகிறது. உறவினர் இல்லத் திருமணம் வந்தால் பெற்றோருள் ஒருவர் மட்டுமே செல்ல இயலும். மற்றவர் வீட்டில் துணையிருத்தல் வேண்டும். தந்தைக்கு 65 வயதும் மகனுக்கு 35 வயதுமாகும்போது, ஓங்கி வளர்ந்த மகனைப் பேருந்தில் ஏற்றி இறக்கும் வலிமை தந்தைக்கு இருப்பதில்லை. பெற்றோர் முதுமையும் பிள்ளையின் தனிமையும் ஒரே வீட்டில் ஒருங்கே வளர்கின்றன.

உணவும் மருந்தும் உறைவிடமும் கிடைத்தால் போதாதா, உல்லாசம் எதற்கு என்று வினவுவோர் உண்டு. அவர்களுக்குத் தண்டியலங்காரம் விடையளிக்கும். பெருங்காப்பியத்தின் இலக்கணம் கூறவந்த அந்நூல், மந்திராலோசனை, தூது, போர், வெற்றி முதலியவற்றோடு பொழிலில் இன்புறுவதையும் புனலில் விளையாடுவதையும் சேர்த்தே எண்ணுகிறது. வையையில் புதுப்புனல் வந்தபோது மதுரை மாந்தர் திரண்டு சென்று நீராடியதைப் பரிபாடல் விரித்துரைக்கிறது. ஒரு வாழ்வை முழுவாழ்வு என்று சொல்வதற்கு விளையாட்டும் வேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்த செய்தியே. அப்பட்டியலிலிருந்து ஒரு சாராரை மட்டும் நீக்கிவிட நியாயம் ஏதுமில்லை.

இக்கருத்தை மேலைநாட்டில் அழுத்தமாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த பெங்த் நிர்யே. 1956ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் பின் ஹங்கேரியிலிருந்து ஆஸ்திரியாவுக்கு வந்த அகதிகளின் முகாமில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் அவர் பணியாற்றினார். 1960களில் அறிவுசார் குறைபாடுடையோரின் பெற்றோர்கள் அமைத்த தேசியச் சங்கத்தில் பொறுப்பேற்றார். அக்காலத்தில் அக்குறைபாடுடையோர் பலர் பெரிய காப்பகங்களில் வாழ்ந்தனர். அங்கே எழுவதும் உண்பதும் உறங்குவதும் மணியோசைப்படியே நிகழ்ந்தன. உழைக்கும் நாள், ஓய்வு நாள், விடுமுறைக் காலம் என்ற வேறுபாடு அவர்களுக்கு இல்லை. பிறர்க்கு உள்ளதைப் போன்ற நாளின் ஒழுங்கும், வாரத்தின் ஒழுங்கும், ஆண்டின் ஒழுங்கும் அவர்களுக்கும் வாய்த்தல் வேண்டும் என்று 1969இல் வெளிவந்த கட்டுரையில் நிர்யே வற்புறுத்தினார். வார இறுதியில் வெளியே செல்வதும் ஆண்டுக்கொரு முறை விடுமுறைப் பயணம் மேற்கொள்வதும் அவ்வொழுங்கின் உறுப்புகள். குறைபாடுடைய இளையோரும் அஃதில்லாத இளையோரும் சேர்ந்து உறுப்பினராகும் மன்றங்களையும் அவர் ஊக்குவித்தார்.

1970ஆம் ஆண்டு மால்மோ நகரில் நடந்த ஒரு மாநாடு இத்துறையில் மிகவும் குறிப்பிடத்தக்கது. சுவீடனின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்த அறிவுசார் குறைபாடுடைய இளையோர் தாமே கூடித் தமக்கு வேண்டுவன எவை என விவாதித்துத் தீர்மானித்தனர். தொழில், இல்லம், ஓய்வு ஆகிய அனைத்தையும் பற்றி அவர்கள் பேசினர். ஓய்வு நேரத்தைச் சிறு குழுக்களாகக் கழிக்க விரும்புவதாகத் தெரிவித்தனர். பெருங்கூட்டமாக நகருக்குள் நடத்திச் செல்லப்படுவதை எந்நிலையிலும் விரும்பவில்லை என்று உறுதிபடக் கூறினர்.

இவ்வேண்டுகோளை ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் நன்று. நாற்பது பேர் ஒரே நிறச் சட்டையணிந்து வரிசையாகச் செல்லும்போது வீதியிலுள்ளோர் அவர்களைத் தனித்தனி மனிதராகக் காண்பதில்லை. ஒரு கூட்டமாகவே காண்கின்றனர். நால்வர் மட்டும் கடைத்தெருவில் நடந்தால் அவர்கள் நான்கு வாடிக்கையாளர்கள். பெருங்கூட்டமாகச் செல்லும் உலாவில் அவர்கள் காட்சிப்பொருளாகிவிடுகின்றனர் என்பதை, எவரும் கற்பிக்காமலே, அவ்விளையோர் உணர்ந்திருந்தனர். சுவீடன் அரசு 1993இல் இயற்றி 1994 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், வெளியே செல்லும்போது உடன்வரும் துணைவரையும், நண்பரைப்போல் பழகும் தொடர்பாளரையும் உரிமையாகவே வழங்குகிறது.

துணைவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும்? அமெரிக்க எழுத்தாளர் இராபர்ட் பெர்ஸ்கி 1972இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சிற்றிடர்களை எதிர்கொள்வதிலும் மனிதனுக்கு ஒரு மாண்பு உண்டு. எல்லா இடர்களிலிருந்தும் ஒருவரை விலக்கிக் காப்பதாகக் கருதி, அம்மாண்பைப் பறித்துவிடலாகாது என்பது அவர் கருத்து. பாதுகாப்பைக் கைவிடச் சொல்வதாக இதனைக் கொள்ளுதல் கூடாது. அலையில் கால் நனைக்க விரும்புபவரைக் கரையிலேயே அமர்த்திவைப்பது எளிது. இருபுறமும் இருவர் கைப்பற்றி நின்று, கணுக்கால் அளவு நீரில் அவரை நிற்கச் செய்வது கடினம். அக்கடினத்தை ஏற்பவரே துணைவர்.

அதற்கு முன்னேற்பாடு மிகுதியாக வேண்டும். முதலாவது, செல்லும் இடத்தை வருவோரே தேர்ந்தெடுத்தல். சொல்லால் தெரிவிக்க இயலாதவருக்குக் கடற்கரை, பூங்கா, திரைப்பட அரங்கு, உணவகம் ஆகியவற்றின் படங்களைக் காட்டினால் விரல்நீட்டித் தெரிவிப்பார். இரண்டாவது, குழுவின் அளவு. ஐந்து அல்லது ஆறு பேரும், அவரவர் தேவைக்கேற்ற எண்ணிக்கையில் துணைவரும் போதும். மூன்றாவது, இடத்தை முன்கூட்டியே பார்த்து வருதல். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டா, நிழல் உண்டா, ஒலிபெருக்கியின் இரைச்சல் உண்டா என்று நோக்க வேண்டும். இரைச்சலைத் தாங்க இயலாத ஆட்டிசம் உடையவருக்கு, அமைதியாக அமர ஓரிடம் முன்னரே குறித்துவைத்தல் நலம். நான்காவது, ஒவ்வொருவர்க்கும் ஒரு குறிப்பட்டை. மருந்தின் பெயரும் வேளையும், வலிப்பு வருமாயின் செய்யத்தக்கன, விழுங்க இயலும் உணவு, இல்லத்தார் தொலைபேசி எண் ஆகியன அதில் இடம்பெறும். பழகிய நேரம் தவறினால் கலங்குவோர் உண்டு; கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கமுடைய இல்லத்தாரும் உண்டு. இருவகையினர்க்கும் ஏற்றவாறு உணவு நேரத்தை வகுத்துக்கொள்ளலாம். மறதிநோயுற்ற முதியோரை அழைத்துச் செல்லும்போதும் இம்முறைகள் பெரும்பாலும் பொருந்தும்.

ஐந்தாவது, வருபவர் கையில் பணம் இருத்தல். நூறு ரூபாய் போதும். சுண்டல் வாங்குவதா, மாங்காய்த் துண்டு வாங்குவதா என அவர் நின்று எண்ணட்டும். ஐந்து நிமிடம் ஆனால் ஆகட்டும். கடைக்காரர் வழக்கம்போலத் துணைவரை நோக்கி, “இவருக்கு என்னங்க வேண்டும்?” என்று கேட்பார். “அவரிடமே கேளுங்கள் அண்ணே, சொல்வார்” என்பதே துணைவரின் மறுமொழியாதல் வேண்டும். அந்த ஒரு சொல்லில் கடைக்காரரின் நோக்கு மாறும். அடுத்த மாதம் அதே கடைக்குச் சென்றால் அவரே முகமலர்ந்து வரவேற்பார். வீதியின் நோக்கு மாறுவது இவ்வாறுதான். அதன் பொருட்டே பயணம் ஆண்டுக்கொரு முறை நிகழும் விழாவாக இல்லாமல் மாதந்தோறும் நிகழ்வதாக அமைதல் வேண்டும்.

இதற்கான வாய்ப்புகள் இங்கு இல்லாமலில்லை. ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 30ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்கேற்கும் உரிமையை வலியுறுத்துகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 29ஆம் பிரிவில் அவ்வுரிமையைக் கூறுகிறது. தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகள் கட்டணமின்றிச் செல்லலாம். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத அறிவுசார் குறைபாடுடையோர்க்கும் உடன் செல்லும் ஒருவர்க்கும் இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் அது 75 விழுக்காடு.

சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லத்திற்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்கென மரப்பாதை அமைந்துள்ளது. அதற்கு முன்பெல்லாம் ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை இடுவர். நிலையான பாதை வேண்டும் என்று பலர் நெடுங்காலம் கேட்டுவந்ததன் பயனாக, 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடைய இப்பாதை 2022 நவம்பர் 27இல் திறக்கப்பட்டது. இரு வாரங்கள் கழியுமுன் மாண்டஸ் புயல் அதனைச் சிதைத்தது, பின்னர் சீரமைக்கப்பட்டது. அலையோசையைத் தொலைவிலிருந்து மட்டுமே கேட்டவர்கள், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே கடலை நெருங்க அப்பாதை வழிசெய்தது.

பாதை அமைந்தாலும், அங்கே அழைத்துச் செல்லும் கைகள் வேண்டும். அறச்செயலில் நாட்டமுடைய அமைப்புகள் பேருந்தும் உணவும் தர என்றும் தயங்குவதில்லை. அவர்களின் நல்லுள்ளம் போற்றத்தக்கது. எனினும் ஆண்டுக்கு ஒருநாள் இரண்டு பேருந்துகள், முன்புறம் பெயர்ப்பதாகை, உணவுப் பொட்டலம் வழங்கும்போது நிழற்படம் என்று அது முடிந்துவிடுவதுண்டு. படமெடுக்குமுன் அவர்தம் இசைவைக் கேட்பவர் சிலரே. அதே பொருளைக் கொண்டு மாதம் ஒரு மாலை, ஆறு பேருக்கு ஒரு வேன் அமர்த்தலாம். கல்லூரி மாணவர் நால்வர் துணைவராகப் பயிற்சி பெறலாம். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் உடன் வரலாம். எப்போதும் அதே துணைவர்கள் வருவது நல்லது. முகம் பழகினால்தான் அச்சம் நீங்கும்.

அந்த மாலையில் வீட்டிலிருக்கும் பெற்றோருக்கும் மூன்று மணி நேரம் கிடைக்கிறது. அவர்கள் இருவரும் சேர்ந்து ஓர் உறவினர் இல்லத்திற்குச் செல்லலாம், மருத்துவரைக் காணலாம், வெறுமனே உறங்கலாம். அதனினும் பெரிதொன்று உண்டு. தமக்குப் பின் பிள்ளையின் நிலை என்னவாகும் என்பது அவர்களின் ஆறாக் கவலை. அக்கவலையை முற்றிலும் நீக்க எவராலும் இயலாது. எனினும் பிள்ளையின் பெயரைச் சொல்லி வாசலில் நின்று அழைப்பவர் நால்வர் உளர் என்று கண்ணாரக் காணும்போது அக்கவலையின் பாரம் சற்றே குறையும்.

உலா இலக்கியத்தில் தலைவனோடு படையும் பரிவாரமும் செல்லும். இந்த உலாவுக்கு அத்தகைய பரிவாரம் வேண்டா. வேகமாக நடக்கத் தெரிந்தும் அருகிலிருப்பவர் நடைக்கேற்ப மெல்ல நடக்க ஒப்பும் ஒருவர் போதும். இவ்வரங்கிலிருந்து அத்தகையோர் நால்வர் முன்வந்தால் அடுத்த மாதமே முதல் மாலையைக் குறித்துவிடலாம்.