சேப்பாக்கத்தில் இரண்டு ஓட்டங்கள்



கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் உங்களில் சிலர் வானொலிப் பெட்டியின் அருகே நகர்ந்து அமர்வீர்கள். சிலர் எழுந்து போகவும் கூடும். எழுந்து போவோரைச் சற்றே பொறுத்திருக்குமாறு வேண்டுகிறேன். அந்த ஆட்டத்தின் புகழைப் பாட நான் வரவில்லை. 1987-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியின்போது சென்னையில் கணக்கில் ஏறிய இரண்டே இரண்டு ஓட்டங்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நான் ராசிபுரத்துக்காரன். எங்கள் ஊர் நெய்க்கும் பட்டுக்கும் ஜவ்வரிசிக்கும் பெயர் பெற்றதேயன்றிக் கிரிக்கெட்டுக்குப் பெயர் பெற்றதன்று. ஆயினும் ஆர்.கே. நாராயண் என்னும் பெயரில் முதலெழுத்தாக நிற்பது எங்கள் ராசிபுரமே. 1935-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் மால்குடிச் சிறுவர்கள் ஒரு கிரிக்கெட் சங்கம் அமைக்கிறார்கள். முக்கியமான ஆட்டத்தன்று சுவாமிநாதன் வராமற் போகிறான், அணி தோற்கிறது, தலைவன் ராஜம் அவனை மன்னிப்பதேயில்லை. பெரியவர்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். மட்டை பிடித்த சிறுவர்களுக்கோ, ஆட்டத்தில் தோற்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பது நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மரவள்ளி பிடுங்கிய கொல்லையிலும் அறுவடை முடிந்த வயலிலும் ஆடுவார்கள். இத்தகைய சிற்றூர்களில் ஒன்றான சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிப் பழகிய நடராஜன் 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கொல்லை ஆட்டங்களில் நடுவராக நிற்பவன் பெரும்பாலும் மட்டை பிடிக்கும் அணியைச் சேர்ந்தவனே. உயரப் பறந்த பந்து வரப்புக்கு அப்பால் விழுந்ததா, வரப்புக்கு உள்ளே விழுந்து உருண்டு போனதா என்று பூசல் எழும். அப்பாலென்றால் ஆறு, உள்ளேயென்றால் நான்கு. அருகில் நின்ற ஒருவனே அறிவான். அவனோ எதிர் அணிக்காரன். எல்லாரும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள்.

இதே பூசல் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றிலும் எழுந்தது. அதைச் சொல்லுமுன், ஓவர்களுக்கு வரம்பு கட்டிய இந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஐந்து நாள் ஆட்டத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்று கைகுலுக்கிப் பிரிவதற்கு வழியுண்டு. வரம்பு கட்டிய ஆட்டத்தில் அந்த வழி அநேகமாக இல்லை. எண்ணிக் கொடுத்த பந்துகளில் எவர் அதிக ஓட்டம் எடுத்தார் என்பதே கேள்வி. நாடுகளுக்கிடையே இவ்வகை ஆட்டம் முதன்முதலாக நடந்தது 1971 ஜனவரி 5-ஆம் நாள், மெல்போர்னில். மழை ஒரு டெஸ்ட் ஆட்டத்தை விழுங்கிவிடவே, காத்திருந்த மக்களுக்காக நடத்தப்பட்டது அது. ஆடவருக்கான உலகக் கோப்பை 1975-இல் தொடங்கியது. மகளிர் அதற்கு ஈராண்டுகள் முன்பே, 1973-லேயே தங்கள் உலகக் கோப்பையை நடத்திவிட்டனர் என்பதை இங்குள்ள மாணவியர் குறித்துக்கொள்க. 2025-இல் அக்கோப்பையை இந்திய மகளிர் வென்றதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

1983-இல் கபில்தேவின் தலைமையில் இந்தியா கோப்பையை வென்றது. லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் இரு அணிகளிலும் மிகுதியான ஓட்டம் எடுத்தவர் சென்னை ஸ்ரீகாந்த். அவர் எடுத்ததும் 38 ஓட்டங்கள்தாம். அடுத்த போட்டி 1987-இல் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடந்தது. இங்கிலாந்துக்கு வெளியே ஆடவர் உலகக் கோப்பை நடந்தது அதுவே முதன்முறை. அதற்கு முன் 60 ஓவர்களாக இருந்த ஆட்டம் 50 ஓவர்களாகக் குறைந்தது. கோப்பையைக் கையில் வைத்திருந்த இந்தியா தன் முதல் ஆட்டத்தை அக்டோபர் 9-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடியது.

ஆஸ்திரேலியா முதலில் மட்டை பிடித்தது. ஜெஃப் மார்ஷ் 110 ஓட்டங்கள் எடுத்தார். டீன் ஜோன்ஸ் உயரத் தூக்கி அடித்த பந்து ஒன்று எல்லைக்கு அப்பால் விழுந்தது என்று அவர் கருதினார். நடுவர் காட்டியதோ நான்கு. படச்சுருளைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் மூன்றாம் நடுவர் அக்காலத்தில் இல்லை. 50 ஓவர்கள் முடிந்தபோது பலகையில் இருந்த எண் 268. இடைவேளையில் ஆஸ்திரேலியர் நடுவர்களிடம் முறையிட்டனர். இந்திய அணித் தலைவரிடம் கேட்கப்பட்டது. அந்தப் பந்து ஆறுதான் என்பதற்குக் கபில்தேவ் இசைந்தார். 268 என்பது 270 ஆயிற்று.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். ஸ்ரீகாந்த் 70 ஓட்டங்கள் எடுத்தார். ஒருநாள் ஆட்டத்தில் முதன்முறையாக இறங்கிய சித்து 73 எடுத்தார். இரண்டே விக்கெட்டுகளை இழந்து 207 என்னும் நிலையை இந்தியா அடைந்தபோது வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன்பின் விக்கெட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கடைசி ஓவரில் ஆறு ஓட்டங்கள் வேண்டும். எஞ்சியிருந்தது ஒரே விக்கெட். பந்து வீசியவர் ஸ்டீவ் வா. மட்டை பிடித்தவர் பந்துவீச்சுக்கே பெயர் பெற்ற மணீந்தர் சிங். நான்கு ஓட்டங்கள் வந்துவிட்டன. இரண்டு பந்துகளில் இரண்டு ஓட்டங்கள் வேண்டும். ஐந்தாவது பந்து மணீந்தரின் குச்சிகளைச் சாய்த்தது. இந்தியா 269. ஒரே ஓட்டத்தில் தோல்வி.

பலகையில் 268 என்றே இருந்திருப்பின் 269 வெற்றியன்றோ? இக்கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். “கபிலுக்கு ஏன் இந்தத் தாராளம்?” என்று கேட்போரும் உண்டு. தாராளம் என்னும் சொல்லே இங்குப் பொருந்தாது என்பது என் கருத்து. தன்னுடையதைக் கொடுப்பவன் தாராளமானவன். அந்த இரண்டு ஓட்டங்கள் இந்தியாவின் உடைமை அல்ல. ஜோன்ஸ் அடித்துச் சேர்த்தவை. நெய் வியாபாரி தராசில் தவறிப்போன இரண்டு பலத்தைத் திரும்ப அளந்து போட்டால் அதைக் கொடை என்போமா? கபில்தேவ் செய்தது கணக்கைச் சரிசெய்தது. அதைச் செய்வதற்கும் மன உறுதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பல்லாயிரம் பேர் கூடியிருந்த நம் நாட்டு மைதானத்தில், போட்டியில் இந்தியாவின் முதல் ஆட்டத்தில் செய்தார்.

கொடை எது என்று அறிய லாகூருக்குச் செல்ல வேண்டும். அதே போட்டியில், அக்டோபர் 16-ஆம் நாள், பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவும் மோதின. பாகிஸ்தானின் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டங்கள் வேண்டும். கோர்ட்னி வால்ஷ் ஓடி வந்தார். பந்து கையைவிட்டுப் போகுமுன்பே எதிர்முனையில் நின்ற சலீம் ஜாஃபர் கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். வால்ஷ் குச்சியைத் தட்டியிருந்தால் அப்போதே ஆட்டம் முடிந்திருக்கும், வெற்றியும் மேற்கிந்தியருக்கே. விதியும் அதற்கு இடம் தந்தது. அவர் நின்றார், தட்டவில்லை, திரும்பிச் சென்று மீண்டும் ஓடி வந்து பந்தை வீசினார். அப்துல் காதிர் தேவையான ஓட்டங்களை எடுத்துவிட்டார். மேற்கிந்தியர் அந்த முறை அரையிறுதிக்கே வரவில்லை.

வால்ஷ் விட்டுக்கொடுத்தது அவருக்கே உரியது. ஆகவே அவர் தட்டியிருந்தாலும் நான் குறை கூறியிருக்க மாட்டேன். 1947-இல் சிட்னியில் நம் வினூ மன்கட் இவ்வாறு ஒருவரை ஆட்டமிழக்கச் செய்ததற்காக நெடுங்காலம் பழி சுமந்தார். கோட்டை விட்டு முன்கூட்டியே ஓடுபவன் தனக்கு உரிமையில்லாத தூரத்தை எடுத்துக்கொள்கிறான் என்பது 2019-இல் ஐ.பி.எல். ஆட்டமொன்றில் அவ்வாறே செய்த சென்னை அஸ்வினின் வாதம். அவ்வாதத்தை மறுப்பது எளிதன்று. 2022-இல் விதி நூலும் இதை முறையற்ற ஆட்டம் என்னும் பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் வரிசையில் சேர்த்துவிட்டது. கொடையை எவரிடமும் கட்டாயமாகக் கேட்க முடியாது, கணக்கைக் கேட்கலாம்.

பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வியப்பும் உண்டு. சென்னையில் தோற்றும் இந்தியாவே தன் பிரிவில் முதலிடம் பெற்றது, ஆஸ்திரேலியா இரண்டாமிடம். சென்னையில் முடிவு மாறியிருந்தாலும் இவ்விடங்கள் மாறியிரா. பம்பாயில் நடந்த அரையிறுதியில் இந்தியா இங்கிலாந்திடம் தோற்றது. நவம்பர் 8-ஆம் நாள் கல்கத்தாவில் இங்கிலாந்தை ஏழு ஓட்டங்களில் வென்று ஆஸ்திரேலியா கோப்பையைக் கொண்டு சென்றது. ஆனால் அக்டோபர் 9-ஆம் நாள் சேப்பாக்கத்தில் அந்த இடைவேளையில் நின்ற கபில்தேவுக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது.

வால்ஷுக்குக் கோப்பை கிட்டவில்லை. பாகிஸ்தானிய ரசிகர் ஒருவர் கையால் நெய்த கம்பளம் ஒன்றை அவருக்குப் பரிசாக அளித்தார். தறிச் சத்தத்தில் கண்விழிக்கும் எங்கள் ஊர்க்காரர்களிடம் இதை நான் சொன்னபோது, ஒரு முதியவர் வால்ஷ் எடுத்த விக்கெட்டுகளைக் கேட்கவில்லை. “அந்தக் கம்பளத்தை நெய்ய எத்தனை நாள் ஆகியிருக்கும்?” என்றுதான் கேட்டார்.