சொல் ஒன்று, பொருள் வேறு



யாழ்ப்பாணத்தார் ஒரு வீட்டை விட்டுப் புறப்படுங்கால் "போகிறேன்" என்று சொல்லார். "போட்டு வாறன்" என்றே விடைபெறுவர். கால் வாயிலைக் கடந்து செல்ல, வாயோ வருகையைக் கூறுகின்றது. இதனை ஒரு முரண்பாடாக நாம் எண்ணுவதே இல்லை.

இலக்கண நூலார் எண்ணினர். நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாக வகுத்து, அவற்றுள் ஒன்றற்கு மங்கலம் என்று பெயரிட்டார். கறுத்த ஆட்டை வெள்ளாடு என்றலும், சுடுகாட்டை நன்காடு என்றலும் உரைகளிற் காணப்படும் உதாரணங்கள். கடித்தால் உயிரைக் கொள்ளும் பாம்புக்கு 'நல்லபாம்பு' என்று நற்சான்று அளித்தவர்களும் நாமே. கொப்புளித்து வருத்தும் நோயை 'அம்மாள்' என மரியாதையுடன் அழைக்கின்றோம். அச்சந் தரும் பொருளுக்கு இனிய பெயர் இட்டால், அச்சம் சிறிது தணிகின்றது போலும்!

ஊர்ப் பெயர்களும் நம்மை நகைக்க வைக்கின்றன. யாழைப் பெயரிற் கொண்ட இந்நிலம் புகழ்பெற்றது நாதசுரத்தாலும் தவிலாலும். ஆனையிறவில் ஆனையைத் தேடிச் செல்பவர் காண்பது உப்பளம். வழுக்கியாறு மாரியில் மட்டுமே ஆறு. கோடையில் அதில் வழுக்கி விழ விரும்புவோர் முதலில் நீரைத் தேட வேண்டும்.

மனிதர் வாழ்விலும் இத்தகைய முரண் உண்டு. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவினார். அவரே 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, 1848இல் சைவப் பாடசாலை நிறுவி, பின்னர் அச்சுக்கூடமும் அமைத்தார். பிரசங்கம், பாடசாலை, அச்சு ஆகிய மூன்றும் பாதிரிமார் கையாண்ட கருவிகள். மதம் மாற்றுவதற்கென வந்த கருவிகளே மதத்தைக் காக்கவும் உதவின.

இனி, வீட்டு முரணொன்று. பானையை உடைத்த சிறுவனைத் தாய் "வலு கெட்டிக்காரன்!" என்கிறாள். இது வஞ்சப்புகழ்ச்சியின் சிற்றுருவம். சொல் புகழ்கின்றது, குரல் இகழ்கின்றது. வளர்ந்தவர் குரலைக் கேட்டுப் பொருளை அறிவர். இளங்குழந்தை சொல்லை மட்டுமே பற்றி, தான் புகழப்பட்டதாக மகிழ்ந்து அடுத்த பானையைத் தேடலாம். சற்று வளர்ந்த பிள்ளையோ பொருளை உணர்ந்துவிடுவான். ஆனால் மறுமொழி கூற வழியறியான். "உன்னைப் புகழத்தானே செய்தேன்" என்று தாய் தப்பிவிடுவாள். அவன் உள்ளத்தில் அச்சொல் தங்கிவிடும்.

ஆதலின், மாற்றிச் சொல்லும் மரபில் இரு பிரிவு உண்டென்பது நினைவில் இருத்தற்குரியது. "போட்டு வாறன்" என்பது கேட்பவர் மனம் நோவாதிருக்கப் பிறந்தது. "வலு கெட்டிக்காரன்" என்பது நோவதற்கே பிறந்தது. இரண்டிலும் சொல் வேறு, பொருள் வேறு. முன்னதைத் தாராளமாக வழங்குவோம். பின்னதை நமக்குச் சமமானவரிடமும், திருப்பிச் சொல்ல வல்லவரிடமும் மட்டும் வைத்துக்கொள்வோம். பானை உடைந்தால், பானை உடைந்தது என்றே பிள்ளையிடம் சொல்லலாம்.

போட்டு வாறன்.